பஸ் கம்பியில் படிந்த கிருமிகள்

அருப்புக்கோட்டைப் பஸ் நிலையத்தில் முதல் வண்டி புறப்படும் வேளை தொடங்கிக் கடைசி வண்டி வந்து சேரும் வரையில் ஏறி இறங்குகிற ஜனங்களைச் சற்று நின்று கவனிப்பவருக்கு, மானம் பார்த்த அந்தப் பூமியின் வாழ்க்கை எவ்வளவு தூரம் இந்த வண்டிகளை நம்பி நடக்கிறது என்பது ஒருவரும் சொல்லாமலே விளங்கும். காரியாபட்டி வழியாக மதுரைக்குப் போகும் வண்டியில் மல்லிகைப் பூ மூட்டைகளும் நெய்து மடித்த சேலைக் கட்டுகளும் ஏறுகின்றன. பந்தல்குடிப் பக்கத்து வண்டியில் மில் வேலைக்குப் போகும் பெண்கள் நெருக்கியடித்து நின்றபடி வந்து இறங்குகிறார்கள். திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் பரளச்சிக்கும் போய் வருகிற டவுன் பஸ்களில் பள்ளிப் பிள்ளைகளும், வெள்ளாட்டுக் குட்டியை மடியில் அணைத்த கிழவிகளும், மதுரைப் பெரியாஸ்பத்திரியில் படுத்திருக்கும் உறவினரைப் பார்க்கத் தூக்குவாளியில் கஞ்சியோடு கிளம்பியவர்களும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு இடம் பிடிக்கிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்றான பின்பு, முன்னெல்லாம் தலைச்சுமையோடு நடந்தே கடந்த தூரத்தையும் வண்டியேறிக் கடப்பவர்கள் பெருகிவிட்டார்கள். விருதுநகரிலிருந்து மானாமதுரைக்குச் செல்லும் ரயில் பாதையும் 2013-இல் அகலப் பாதையாகி, அருப்புக்கோட்டையையும் திருச்சுழியையும் தொட்டுக்கொண்டே போகிறது.

இத்தனை பேரும் ஏறும்போது பற்றுகிற வாசற்கம்பி ஒன்று. வண்டி குலுங்கும்போது பிடிக்கிற மேற்கம்பி ஒன்று. முன் இருக்கையின் முதுகில் வளைத்துப் பதித்த கைப்பிடி ஒன்று. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் இப்படிப்பட்ட பொது இடங்களின் பரப்புகளில் குடியிருக்கின்றன என்று உலகத்தின் பல பட்டணங்களிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் இருபது ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். அவர்கள் கண்டது என்ன, கண்டதற்கு உண்மையான பொருள் என்ன, கரிசலும் கண்மாயும் கருவேலமுமான இந்தச் சீமைக்கு அதில் எவ்வளவு பொருந்தும் என்பதை நிதானமாக எடைபோட்டுப் பார்ப்பதே இங்கே நோக்கம். பீதியைக் கிளப்புவது எளிது. பத்திரிகைகள் அதை அவ்வப்போது செய்தும் வருகின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கம்பியில் இருக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை நம் தோலிலிருந்து உதிர்ந்தவை. நம்மோடு பிறந்து வளர்ந்து நம்மை ஒன்றும் செய்யாதவை. அவற்றுள் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்னும் கூட்டம் பிரதானமானது. அந்தக் கூட்டத்திலேயே சற்றுத் துஷ்டத்தனம் உடையதான ஆரியஸ் என்ற இனத்தை மூன்று பேரில் ஒருவர் தம் மூக்கின் முன்பகுதியில் எந்த நோயும் இல்லாமல் சுமந்து திரிகிறார். அது தோல் கிழிந்த இடத்தில் நுழைந்தால் கட்டியும் சீழும் உண்டாக்கும், ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே அபாயம் விளைவிக்கும். ஜெர்மனியைச் சேர்ந்த கிராமரும் அவருடைய சகாக்களும் 2006-இல் அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளையெல்லாம் தொகுத்து, எந்தக் கிருமி உலர்ந்த பரப்பில் எவ்வளவு காலம் உயிரோடு கிடக்கும் என்று கணக்கிட்டார்கள். ஆரியஸ் ஏழு நாட்களிலிருந்து ஏழு மாதம் வரையிலும், அசினெட்டோபாக்டர் மூன்று நாட்களிலிருந்து ஐந்து மாதம் வரையிலும், குடலில் வாழும் ஈ.கோலி ஒன்றரை மணி நேரத்திலிருந்து பதினாறு மாதம் வரையிலும் தாக்குப்பிடிப்பதாக அந்தத் தொகுப்பு கூறுகிறது. ஒன்றரை மணிக்கும் பதினாறு மாதத்துக்கும் இடையே உள்ள இந்த மலையளவு வித்தியாசத்துக்குக் காரணம், கிருமியின் இயல்பு மட்டுமல்ல. அது படிந்த இடத்தின் சூடு, ஈரம், அழுக்கு ஆகியவையும் ஆகும். இதைப் பின்னால் நம் ஊர் வெயிலைப் பற்றிப் பேசும்போது நினைவில் கொள்ள வேண்டியிருக்கும்.

மருந்தை வெல்லும் சக்தி கிருமிகளுக்கு எப்படி வந்தது என்பது பழைய கதை. பெனிசிலினை 1928-இல் கண்டெடுத்த அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங், 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய சொற்பொழிவிலேயே, குறைந்த அளவில் மருந்தைத் தின்றால் கிருமிகள் சாகாமல் பழகிக்கொள்ளும் என்று எச்சரித்துவிட்டார். பெனிசிலினுக்கு மசியாத ஆரியஸை ஒடுக்குவதற்கென்று மெதிசிலின் வந்தது. அது வழக்கத்துக்கு வந்த இரண்டொரு ஆண்டுகளுக்குள், 1961-இல், அதற்கும் மசியாத வகை இங்கிலாந்தில் தென்பட்டது. எம்.ஆர்.எஸ்.ஏ. என்று வைத்தியர்கள் சுருக்கமாகச் சொல்வது அதைத்தான். இந்தச் சக்தி தாயிடமிருந்து சேய்க்கு இறங்குவதோடு நிற்பதில்லை. பிளாஸ்மிட் என்ற சிறு மரபணு வளையத்தின் வழியாக ஒரு கிருமி அருகிலுள்ள இன்னொரு கிருமிக்கு, அது வேற்று இனமாயிருந்தாலும், கைமாற்றிவிடுகிறது. ஒரு தறியில் கற்ற புதுக் கரையை அடுத்த வீதியிலுள்ள வேறு கூட்டத்துத் தறிக்காரர் பார்த்துப் பழகிக்கொள்வது போல, ரத்த சம்பந்தம் இல்லாத இடத்திலும் இந்த வித்தை பரவுகிறது.

இனி ஆராய்ச்சிகளுக்கு வருவோம். போர்ச்சுகல் தேசத்தின் போர்ட்டோ நகரில் 85 பஸ்களைச் சோதித்தவர்கள் 22 வண்டிகளில் எம்.ஆர்.எஸ்.ஏ. இருக்கக் கண்டு 2011-இல் பிரசுரித்தார்கள். அதே தேசத்தின் தலைநகரான லிஸ்பனில் 199 பஸ்களைச் சோதித்ததில் 72 வண்டிகளில் அது அகப்பட்டது. சில பிரயாணிகளின் கைகளிலும் இருந்தது. இதில் எண்ணிக்கையைவிட முக்கியமான விஷயம் வேறொன்று உண்டு. அந்த வண்டிகளில் அதிகமாக அகப்பட்ட கிருமி, அந்நாட்டு ஆஸ்பத்திரி வார்டுகளில் அப்போது ஆதிக்கம் செலுத்திவந்த அதே பரம்பரையைச் சேர்ந்தது. அதாவது, பஸ்ஸில் அது உற்பத்தியாகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ ஒருவர் கையிலோ துணியிலோ ஏறி வந்து கம்பியில் இறங்கியிருக்கிறது. அமெரிக்காவில் ஒரு நகரத்து பஸ்கள் நாற்பதை ஆராய்ந்து 2014-இல் வெளியான கட்டுரையும், பாதிக்கு மேற்பட்ட வண்டிகளில் இத்தகைய கிருமி இருந்ததாகவும், இருக்கையிலும் இருக்கைக் கம்பியிலும் அது மிகுதியாகக் கிடைத்ததாகவும் தெரிவிக்கிறது.

லண்டனில் ரயில் நிலையங்களும் கடைத்தெருக்களும் ஆஸ்பத்திரிகளின் பொது அறைகளுமாகப் பலர் கை படும் இடங்களில் துடைத்தெடுத்த 600 ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகளைச் சோதித்து 2019-இல் வெளியிட்ட முடிவில், 281 கிருமிகள் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளுக்கு அடங்காதவையாக இருந்தன. ஆஸ்பத்திரியைச் சேர்ந்த பொது இடங்களில் இந்த விகிதம் கூடுதல். மற்றப் பொது இடங்களில் சற்றுக் குறைவு. இங்கேயும் ஆஸ்பத்திரியின் நிழல் விழுந்திருப்பதைக் காண்கிறோம்.

ஆனால் எல்லா ஆராய்ச்சியும் ஒரே பாட்டைப் பாடவில்லை. 2015-இல் நியூயார்க் சுரங்க ரயிலின் நிலையங்களைத் துடைத்து அங்கே படிந்திருந்த மரபணுச் சிதறல்களைப் படித்தவர்கள், பிளேக் கிருமியின் அடையாளமும் ஆந்த்ராக்ஸ் கிருமியின் அடையாளமும் தென்பட்டதாக எழுதியபோது உலகமே திடுக்கிட்டது. பிறகு சக விஞ்ஞானிகள் ஆட்சேபித்ததன் மேல், அப்படி முடிவு கட்டப் போதிய சான்று இல்லை என்று அந்த ஆண்டிலேயே கட்டுரையைத் திருத்தினார்கள். திடுக்கிட்ட செய்தி முதல் பக்கத்தில் வந்தது. திருத்தம் எந்தப் பக்கத்தில் வந்ததென்று தேடித்தான் பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டில் பாஸ்டன் நகர ரயில்களை ஆராய்ந்தவர்கள், இருக்கை, தொங்கு பிடி, டிக்கெட் இயந்திரத்தின் தொடுதிரை என்று பரப்புக்குப் பரப்பு கிருமிக் கூட்டம் வேறுபடுவதையும், அவை பெரும்பாலும் மனிதத் தோலின் சாதுவான வாசிகளே என்பதையும், மருந்தெதிர்ப்பு மரபணுக்கள் அங்கே சொற்பமே என்பதையும் காட்டினார்கள். அறுபது நகரங்களில் 4,728 மாதிரிகளைச் சேகரித்து 2021-இல் முடிந்த பெருமுயற்சியோ, முப்பத்தொரு கிருமி இனங்கள் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் பொதுவாக இருப்பதையும், எதிர்ப்பு மரபணுக்களின் அளவும் வகையும் ஊருக்கு ஊர் மாறுவதையும் கண்டது. அப்படி மாறுவதற்கு அந்தந்த ஊர் தின்னும் மருந்தும் ஒரு காரணமாயிருக்கும் என்று ஊகிப்பதில் தவறில்லை.

என் மனத்துக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி ஹாங்காங்கில் நடந்து 2018-இல் வெளிவந்தது. தொண்டர்களைக் கைகழுவச் செய்து, ஒவ்வொரு ரயில் தடத்திலும் அரைமணி நேரம் கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டு பிரயாணம் செய்யவிட்டு, இறங்கியதும் அவர்கள் உள்ளங்கையைத் துடைத்து மாதிரி எடுத்தார்கள். காலையில் ஒவ்வொரு தடத்துக்கும் தனக்கென்று ஒரு கிருமிச் சமூகம் இருந்தது. அந்தத் தடம் எந்தப் பகுதி வழியாக ஓடுகிறதோ அந்தப் பகுதியின் சாயல் அதில் இருந்தது. மாலைக்குள் எல்லாத் தடங்களும் ஒன்றோடொன்று கலந்து ஒரே சாயலாகிவிட்டன. காலையில் சில தடங்களில் மட்டும் தென்பட்ட எதிர்ப்பு மரபணுக்கள் மாலையில் வலை முழுவதும் பரவியிருந்தன. மதுரை மாட்டுத்தாவணிப் பஸ் நிலையத்தில் ஒரு பிற்பகலைக் கழித்தவர்க்கு இதில் ஆச்சரியம் எழாது. திருச்சுழியும் திருநெல்வேலியும் அங்கே ஒரே சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து போகின்றன.

நம் தேசத்துக்குரிய சான்றுகளுள் குறிப்பிடத்தக்கது ரூபாய் நோட்டைப் பற்றியது. டெல்லியில் தெருக்கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் வாங்கிய பத்து, இருபது, நூறு ரூபாய் நோட்டுகளின் மேல் படிந்திருந்த மரபணுக்களை அங்குள்ள ஆராய்ச்சி நிலையத்தார் படித்து 2015-இல் வெளியிட்டார்கள். எழுபத்தெட்டு வகையான எதிர்ப்பு மரபணுக்களின் சாயல் அதில் தென்பட்டது. பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் உள்ள சம்பந்தத்தை விளக்க வேண்டியதில்லை. டிக்கெட் இயந்திரம் வருவதற்கு முன்னிருந்த கண்டக்டரை நினைத்துப் பாருங்கள்: இடது கை விரலிடுக்குகளில் மடித்துச் செருகிய நோட்டுகள், வலது கை ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக் கற்றையிலிருந்து ஒரு சீட்டைக் கிழிக்கும் லாவகம், அந்தச் சீட்டைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு சில்லறை தேடும் பிரயாணி. இன்று இயந்திரமும் இலவசப் பயணமும் அந்த எச்சில் பரிமாற்றத்தைப் பெருமளவு குறைத்துவிட்டன. சுகாதாரத்தை உத்தேசித்துச் செய்யப்படாத ஒரு காரியத்தால் சுகாதாரத்துக்கு நன்மை விளைந்த உதாரணங்களுள் இதுவும் ஒன்று.

நோட்டைவிடக் கனமான செய்தி சென்னையிலிருந்து வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி ஆய்வகத்தில் பணிபுரிந்த கார்த்திகேயன் குமாரசாமியும், வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் டிம் வால்ஷும், வேறு பலரும் சேர்ந்து 2010-இல் வெளியிட்ட கட்டுரை, என்.டி.எம்.-1 என்ற மரபணுவைச் சுமந்த கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மற்ற இடங்களில் 73 அகப்பட்டன என்று அறிவித்தது. வேறொன்றுக்கும் மசியாத கிருமிக்குக் கடைசியாகப் போடுகிற கார்பபெனம் ஊசியையே அந்த மரபணு முறித்துவிடுகிறது. மறு ஆண்டு டெல்லியில் தெருவில் தேங்கிய நீர் மாதிரிகள் 171-ல் 51-லும், குழாய்த் தண்ணீர் மாதிரிகள் 50-ல் இரண்டிலும் அதே மரபணு காணப்பட்டது. மரபணுவுக்கு நியூ டெல்லி என்று நம் தலைநகரின் பெயரை வைத்ததைப் பற்றிச் சர்க்காரும் பத்திரிகைகளும் காட்டிய ரோஷத்தில் பாதியையாவது, அது குழாய்த் தண்ணீரில் எப்படி வந்தது என்ற கேள்வியில் காட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அந்தப் பரபரப்பு அடங்கிய பின், 2012-இல், வைத்திய சங்கங்கள் பல சென்னையில் கூடி மருந்தெதிர்ப்பைத் தடுக்க ஒரு திட்டம் வகுத்தன. சென்னைப் பிரகடனம் என்று அது பெயர் பெற்றது.

பிரயாணத்தின் மேல் பழி போடுவது நமக்குப் புதிதன்று. 1896-இல் பம்பாயில் பிளேக் தோன்றிய பிறகு ரயில் நிலையங்களில் பிரயாணிகளை இறக்கி அக்குளையும் தொடையிடுக்கையும் சோதித்தார்கள்; சென்னை ராஜதானியில் பிளேக் பாஸ்போர்ட் என்றொரு சீட்டைக் கையில் கொடுத்து, போய்ச் சேர்ந்த ஊரில் நாள்தோறும் ஆஜராகச் சொன்னார்கள். (பம்பாயில் அந்நோய் தலைகாட்டிய அதே பருவத்தில்தான் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் மதுரையில் ரயிலேறித் திருவண்ணாமலைக்குப் போய் ரமணரானார்.) ராமேசுவர யாத்திரிகர்கள் காலராவைச் சுமந்து வருகிறார்கள் என்ற பேச்சும் இந்தச் சீமையில் நெடுநாள் இருந்தது. அந்தப் பேச்சில் பாதி உண்மை உண்டு. ஆனால் 1884-இல் கல்கத்தாவில் காலராக் கிருமியை ஆராய்ந்த ராபர்ட் காக் அதைக் குளத்து நீரில் கண்டார், ரயில் பெஞ்சில் அல்ல. யாத்திரிகரைத் தடுத்ததால் காலரா ஒழியவில்லை; குடிநீரைச் சுத்தம் செய்ததால் அடங்கியது. பஸ் கம்பியைப் பற்றிய விசாரணையிலும் இதே பாகுபாடு அவசியமென்று கருதுகிறேன். கம்பி ஒரு சாட்சி. ஊரில் நடப்பது அதில் பதிகிறது. குற்றவாளியை வேறு இடத்தில் தேட வேண்டும்.

தேடினால் வெகு தூரம் போக வேண்டாம். காய்ச்சல், தொண்டைவலி, வயிற்றுப்போக்கு எதுவானாலும் மெடிக்கலில் போய் "ஒரு செட்டு மாத்திரை குடுங்கண்ணே" என்று கேட்பதும், அவர் அட்டையைக் கத்தரித்துக் காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, அதோடு ஒரு ஆன்டிபயாடிக் என்று சேர்த்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பதும், இரண்டு வேளை தின்று தேவலையானதும் மிச்சத்தை மாடக்குழியில் போட்டுவைப்பதும் நம் கிராமங்களில் அன்றாடக் காட்சி. கூலி நாளை இழந்து ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்க முடியாதவர் செய்கிற காரியம் அது. அவரைக் கடிந்து பயனில்லை. ஆனால் சாதாரணச் சளியும் காய்ச்சலும் பெரும்பாலும் வைரஸால் வருபவை. அந்த ஆன்டிபயாடிக் அவற்றைத் தொடுவதே இல்லை. குடலிலும் தோலிலும் இருக்கிற சாதுக் கிருமிகளுள் பலமற்றவற்றைக் கொன்று பலமுள்ளவற்றுக்கு இடம் பண்ணிக்கொடுப்பதே அது செய்கிற ஒரே வேலை. அவைதான் மறுநாள் கம்பியில் படிகின்றன.

சட்டம் இல்லாமலில்லை. 46 மருந்துகளை எச்-1 என்ற அட்டவணையில் சேர்த்து, 2014 மார்ச் முதல், டாக்டரின் சீட்டுக்குத்தான் விற்கலாம், வாங்கியவர் பெயரும் அளவும் தனிப் புத்தகத்தில் எழுதி மூன்று ஆண்டு காப்பாற்ற வேண்டும் என்று மத்திய சர்க்கார் விதித்தது. செஃபிக்ஸிமும் மெரொபெனமும் அந்த அட்டவணையில் வருகின்றன. அமாக்ஸிசிலினும் அசித்ரோமைசினும் பழைய எச் அட்டவணையில் நிற்கின்றன. அவற்றுக்கும் சீட்டு வேண்டுமென்பது விதி. ஆனால் அந்தப் புத்தகக் கட்டாயம் இல்லாமையால் மடித்துக் கொடுக்கிற காகிதத்தில் அதிகம் விழுபவை அவையே. அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மருந்தைச் சீட்டின்றித் தின்னாதீர் என்ற பிரசாரம் 2016-இல் தொடங்கியது. கோழித் தீனியில் கொலிஸ்டின் கலப்பதை 2019 ஜூலையில் தடை செய்தார்கள். மனிதனுக்குக் கடைசி மருந்தாக வைத்திருந்ததைக் கோழி கொழுக்கப் போட்டுக்கொண்டிருந்த விபரீதம் அதுவரை நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெரிய ஆஸ்பத்திரிகளிலிருந்து திரட்டிய கணக்கின்படி, இமிபெனம் என்ற மருந்துக்குக் கட்டுப்பட்ட ஈ.கோலிக் கிருமிகள் 2017-இல் நூற்றுக்கு 81 ஆக இருந்து 2023-இல் ஏறத்தாழ 63 ஆகக் குறைந்துவிட்டன. உலக முழுவதும் 2019-இல் மருந்தெதிர்ப்பே நேர்க் காரணமாக இறந்தவர்கள் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று லான்செட் பத்திரிகை மதிப்பிட்டது.

நம் பக்கத்திலேயே நடந்த இரண்டு பழைய நிகழ்ச்சிகள் இவ்விடத்தில் நினைக்கத்தக்கவை. 1972-இல் கோழிக்கோட்டில் பரவிய டைஃபாய்டு, அதுவரை அந்நோய்க்குக் கண்கண்ட மருந்தாயிருந்த குளோராம்ஃபெனிக்காலுக்குக் கட்டுப்படவில்லை. அந்த எதிர்ப்புச் சக்தி ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்கு மாறத்தக்கது என்பதையும் அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அதற்கு முன்பே, 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில், நோயாளிகளில் ஒரு பாதியினரைச் சானடோரியத்திலும் மறு பாதியினரைக் குடிசையும் நெருக்கமுமான தம் வீடுகளிலும் வைத்து ஒரே வகைக் கூட்டு மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்தவர்களுக்கு ஏறக்குறையச் சமமாகக் குணமடைந்தார்கள். அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாக வரவுமில்லை. நெருக்கத்தைவிட மருந்தை ஒழுங்காக முழுவதும் தின்பதே பெரிய காரியம் என்று உலகத்துக்குச் சென்னை கற்பித்த பாடம் அது. மாடக்குழியில் மிச்ச மாத்திரை வைத்திருக்கும் நாம் அதை மறந்துவிட்டோம்.

இனி இந்தச் சீமையின் இயல்பைக் கவனிப்போம். சித்திரை வைகாசியில் வெட்டவெளியில் நிறுத்திவைத்த பஸ்ஸின் உட்கம்பி கைவைக்க முடியாமல் பொரியும்; ஜன்னல்கள் திறந்தே கிடப்பதால் வெயிலும் அனற்காற்றும் தாராளமாகப் புகும். குளிரூட்டிய சுரங்க ரயிலில் கண்ட கணக்கை இங்கே அப்படியே கொண்டுவந்து பொருத்த முடியாது. ஈரத்தை விரும்பும் குடற்கிருமிகளுக்கு இது மயானம். ஆயினும் கிராமரின் தொகுப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது: பெரும்பாலான கிருமிகள் ஈரக் காற்றில் நீடித்திருக்க, ஆரியஸ் மட்டும் வறண்ட காற்றில் அதிக நாள் தாக்குப்பிடிக்கிறது. எனவே வெயில் நமக்குச் செய்யும் உபகாரம் அரைகுறை உபகாரமே. ஐப்பசி கார்த்திகையில் நிலைமை தலைகீழ். ஷட்டரை இறக்கிவிட்டு, நனைந்த குடைகளும் ஈரச் சேலைகளுமாக, மூச்சுவிட இடமின்றிப் போகிற வண்டியில் கம்பி காய்வதே இல்லை.

வெயில் கொடுப்பதைத் தண்ணீர்ப் பஞ்சம் பறித்துக்கொள்கிறது என்பதுதான் இங்கே விசேஷமான சங்கடம். கம்பியிலுள்ள கிருமி தானாக உடம்பில் ஏறுவதில்லை. கை அதைச் சுமந்து மூக்குக்கோ வாய்க்கோ புண்ணுக்கோ கொண்டு போக வேண்டும். 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் பிரசவ வார்டில் வைத்தியர்களைக் கைகழுவச் சொன்ன நாள் முதல் இதற்குப் பரிகாரம் தெரிந்த விஷயம். ஆனால் தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வரும் நாளைக் காத்திருந்து குடங்களை வரிசை வைக்கிற வீட்டில், பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் சோப்புப் போட்டு இருபது விநாடி கைகழுவு என்று உபதேசிப்பவர், அந்தத் தண்ணீரையும் கையோடு கொண்டுவந்தால் சிலாக்கியம். பஸ் நிலையத்துக் கட்டணக் கழிப்பறையில் கைகழுவும் தொட்டி இருக்கலாம்; அதில் குழாய் இருக்கலாம்; மூன்றாவதாகத் தண்ணீரும் நான்காவதாகச் சோப்பும் ஒருங்கே அமைந்த நாள் பிரயாணியின் சுபதினம்.

யாருக்கு ஆபத்து என்பதும் ஊருக்கு ஊர் மாறும். ஆரோக்கியமான மனிதன் கம்பியைப் பற்றிய கையோடு வடை தின்றாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. சீமைக் கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுடுகிற தொழிலாளியின் உள்ளங்கையையும் குதிகாலையும் பாருங்கள்: முள் கீறாத இடம் விரலகலம் இராது. அவருக்குச் சர்க்கரை நோயும் இருந்தால், கால் மரத்துப் போயிருப்பதால் முள் ஏறியதே தெரியாமல் புண் புரையோடும். தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் சர்க்கரை நோய் உண்டென்று 2023-இல் வெளிவந்த தேசியக் கணக்கு சொல்கிறது. அப்படிப்பட்டவர் மதுரைக்கோ, 2022-இல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ போய்ப் புண்ணுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டு, அதே பஸ்ஸில் திரும்புகிறார். போர்ட்டோவிலும் லிஸ்பனிலும் ஆஸ்பத்திரிக் கிருமி பஸ்ஸேறிய விதம் இங்கேயும் நிகழ்வதற்கு எல்லா ஏற்பாடும் இருக்கிறது. அது இறங்கிப் புகத் தக்க புண்ணும் இருக்கிறது. இந்த விஷயத்தில் கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது இதுவே என்பேன்.

பரிகாரம் என்று சொல்லப்படுபவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். கொரோனாக் காலத்தில் வண்டிக்கு வண்டி மருந்து தெளித்தார்கள். 2021 ஏப்ரலில் அமெரிக்கச் சுகாதார இலாகாவே, அந்நோய் பரப்பைத் தொட்டு ஒட்டுவது பதினாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று கணித்தது. கிருமிநாசினியை நீர்க்கக் கரைத்துச் சதா தெளிப்பதில் வேறொரு கேடும் உண்டு: சில கிருமிநாசினிகளைத் தாங்கும் மரபணுவும் ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் மரபணுவும் ஸ்டாஃபிலோகாக்கஸில் ஒரே பிளாஸ்மிட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுண்டு; ஒன்றைப் போற்றினால் மற்றதும் வளரும். தெளிப்பதைவிட, சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து அழுத்தித் துடைப்பது மேல். செம்பும் பித்தளையும் மேலே பட்ட கிருமியைச் சில மணி நேரத்தில் கொல்லும் என்பது நிரூபணமான செய்தி. 2008-இல் அமெரிக்கச் சர்க்காரே செம்புக் கலவைகளை அவ்வாறு பதிவு செய்தது. பித்தளைக் குடத்தில் ஊற்றிய நீரில் ஈ.கோலி இரண்டு நாளில் ஏறக்குறைய அற்றுப்போவதை 2005-இல் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்களும் கண்டார்கள். பாட்டிமார் பித்தளைக் குடத்தைப் புளிபோட்டுத் துலக்கியது வீண்போகவில்லை என்று மகிழலாம். ஆனால் பஸ் கம்பியைப் பித்தளையில் போட்டால், எந்த இரவில் அது பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேரும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

செய்யக்கூடியதும் செலவு குறைந்ததுமான ஒரு காரியம் இருக்கிறது. விருதுநகர் மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையும் அருப்புக்கோட்டை டெப்போவும் மனம் ஒத்தால், ஆஸ்பத்திரி வழியாகப் போகிற தடத்தில் சில வண்டிகளையும், திருச்சுழிக்கு அப்பால் ஆஸ்பத்திரிச் சம்பந்தமில்லாமல் ஓடுகிற டவுன் பஸ்களில் சிலவற்றையும் தேர்ந்து, வாசற்கம்பி, மேற்கம்பி, இருக்கைக் கைப்பிடி மூன்றிலும் பஞ்சுக் குச்சியால் துடைத்து மாதிரி எடுக்கலாம். அதிகாலை டெப்போவிலிருந்து கிளம்பும்போது ஒரு தரம், இரவு திரும்பியதும் ஒரு தரம். சித்திரையில் ஒரு முறை, கார்த்திகையில் ஒரு முறை. மரபணுவை மட்டும் படித்து நியூயார்க்காரரைப் போல் திடுக்கிடாமல், உயிருள்ள கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு மடிகிறது என்று பார்க்க வேண்டும். அதே வாரத்தில் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போட வந்தவர்களிடம் எடுத்த சீழிலுள்ள கிருமியை இதனோடு ஒப்பிட்டால், பஸ்ஸிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்ததா, ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸுக்குப் போனதா என்று ஓரளவு துப்புத் துலங்கும். ஆஸ்பத்திரித் தடத்து வண்டிகளில் கணிசமான வேற்றுமை தென்பட்டால், கைகழுவும் தொட்டியை முதலில் வைக்க வேண்டிய இடம் பஸ் நிலையத்தின் வாசல் அல்ல, கட்டுப் போடும் அறையின் வாசல் என்று நகராட்சிக்கும் சுகாதார இலாகாவுக்கும் கணக்கோடு எடுத்துச் சொல்ல முடியும்.